தொண்டையில் சீழ்க்கட்டி: மலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். உறைபனி விழ ஆரம்பித்துவிட்டால் மாசி வரைக்கும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் கடையில் அதிகம். அநேகமாக எல்லாருக்கும் ஒரு வாரத்தில் தானாகவே போய்விடுகிற வலி. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவே எப்போதாவது ஒருவர் வருவார். அவருக்கு மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது, வண்டி ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒருவரை வீட்டில் இருக்கிறவர்களே கண்டுபிடித்துவிட்டால் எவ்வளவோ நல்லது. அதற்காகத்தான் கவுன்ட்டரில் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. யாரை, எப்போது டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதை மட்டும்தான் இங்கே சொல்கிறேன்.

"தொண்டை கட்டிக்கிச்சு" என்கிறோமே, தொண்டைக் கட்டி என்பது அதுதானா?

இல்லை. குரல் கம்மிப் போவதைத்தான் தொண்டை கட்டிவிட்டது என்கிறோம். திருவிழாவில் கத்தினால் வரும், சளி பிடித்தால் வரும். குரல்நாண் வீங்குவதால் ஏற்படுவது அது.

தொண்டையில் கட்டி என்பது சீழ் கோத்துக்கொள்வது. டான்சிலுக்கும் அதன் வெளிப்பக்கத் தசைக்கும் நடுவில் வருவதுதான் அதிகம். முதலில் டான்சில் பழுக்கும். கிருமி அங்கே நிற்காமல் பக்கத்துத் திசுவுக்குள் இறங்கும். பிறகு சீழ் தேங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். பதின்வயதுப் பிள்ளைகளிலிருந்து நாற்பது வயதுக்காரர்கள் வரை அதிகமாகப் பார்க்கலாம்.

போனில் சொல்லும்போது வார்த்தையில் கவனமாக இருங்கள். "அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று சொன்னால், "வெந்நீர் குடிக்கச் சொல்லு" என்றுதான் பதில் வரும். "தொண்டையில் ஒரு பக்கம் வீங்கியிருக்கு, வாயைத் திறக்க முடியலை" என்று சொல்லுங்கள்.

சாதாரணத் தொண்டை வலி எத்தனை நாள் இருக்கும்? எப்போது சந்தேகப்பட வேண்டும்?

வைரஸால் வரும் தொண்டை வலி இரண்டு மூன்று நாள் ஏறி, பிறகு இறங்க ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில் விட்டுவிடும். கூடவே மூக்கு ஒழுகும், தும்மல், இருமல் இருக்கும். வலி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

கட்டி வருகிறவருக்குக் கதை வேறு மாதிரி போகும். இறங்க வேண்டிய நாளில் வலி ஏறும். "முந்தாநாள் பரவாயில்லை, நேத்துல இருந்துதான் தாங்க முடியலை" என்பார். எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிக்காமல் விரல் வைத்துக் காட்டுவார். எனக்கு முதலில் சந்தேகம் தட்டுவது அந்த விரலைப் பார்க்கும்போதுதான்.

அறிகுறிகளைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

முதலில் ஒருபக்க வலி. அடுத்தது எச்சில். சோறு இறங்காமல் இருப்பது சாதாரணத் தொண்டை வலியிலும் உண்டு. ஆனால் கட்டி இருப்பவருக்குத் தன் எச்சிலையே விழுங்க முடியாது. வாயோரம் வழியும். துண்டையோ கைக்குட்டையையோ வாயில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். ராத்திரி தலையணை நனைந்திருக்கும்.

குரலும் மாறும். கம்மிய குரலாக இருக்காது. வாய்க்குள் எதையோ அடக்கி வைத்துக்கொண்டு பேசுவதுபோல, அமுங்கிப்போய், வார்த்தை உருளாமல் வரும். மருத்துவப் புத்தகங்களில் இதைச் சூடான உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசும் குரல் என்று எழுதியிருப்பார்கள். நம்மூர் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுப்பில் சுட்ட கிழங்கை ஆறுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டு, நாக்கில் படாமல் பேசிப் பார்த்தவர்கள்தானே நாம்.

இவற்றோடு காய்ச்சல், நடுக்கம், வாயில் ஒரு கெட்ட வாடை, அந்தப் பக்கக் கழுத்தில் நெறி கட்டுதல், அதே பக்கக் காதில் குத்தல் எல்லாம் சேரலாம். சிலர் தலையைக் கட்டி இருக்கும் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொள்வார்கள். எல்லா அறிகுறியும் ஒரே ஆளுக்கு வர வேண்டும் என்பதில்லை. ஒருபக்க வலியோடு எச்சில் விழுங்க முடியாமலோ, வாய் திறக்க முடியாமலோ இருந்தால் அதுவே போதும், கிளம்பிவிடுங்கள்.

வாய் ஏன் திறக்காமல் போகிறது? வலிக்குப் பயந்து திறக்காமல் இருக்கிறாரோ?

பயத்தால் இல்லை. தாடையை அசைக்கும் ஒரு தசை டான்சிலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. சீழ் பக்கத்தில் தேங்கும்போது அந்தத் தசையும் வெந்து, இறுகிப்போகிறது. திறக்க நினைத்தாலும் திறக்காது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அவருடைய விரல்களையே, ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக மூன்று விரலும் போகும். தொண்டை வலியோடு இருப்பவருக்கு இரண்டு விரல்கூடப் போகவில்லை என்றால் அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு பையன். கேரட் கழுவும் இடத்தில் வேலை. விடியற்காலை இரண்டு மணி, மூன்று மணிக்கே கிளம்பிப் போகிறவர். ஒரு மார்கழி மாதம் தொண்டை வலி, காய்ச்சல் என்று கடைக்கு வந்தார். டாக்டர் சீட்டு இல்லை. "நாளைக்கு வேலைக்குப் போகணும்க்கா" என்றார். நான் இரண்டு நாளைக்கு ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. நாலாம் நாள் மனைவியோடு வந்தார். குல்லாவைக் காது மூட இழுத்துவிட்டு, தலை ஒரு பக்கம் சாய்ந்து, கழுத்தில் போட்டிருந்த துண்டின் முனையை வாயில் வைத்திருந்தார். அந்த முனை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பேச வரவில்லை. போனை எடுத்து, "எச்சி முழுங்க முடியல" என்று தட்டிக் காட்டினார். வாயைத் திறக்கச் சொன்னேன். பல்லுக்கு நடுவில் ஒரு விரல் அகலம்தான் இடைவெளி. அந்த மனைவி, "ரெண்டு நாள் மாத்திரையில வலி கொஞ்சம் கேட்டுச்சு, அதான் வரலைக்கா" என்றார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சீழ் எடுத்தார்கள். மறுநாள் காலையில் கஞ்சி குடித்தார் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்கிறவர்களிடம் அதன்பின் நான் கைவிரித்து விடுகிறேன். கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

அப்போ மாத்திரையில் கட்டி கரையவே கரையாதா?

டான்சில் பழுத்திருக்கிறது, சீழ் இன்னும் கோக்கவில்லை என்ற கட்டத்தில் டாக்டர் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கைச் சொன்ன நாள் வரைக்கும் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். சீழ் சேர்ந்த பிறகு அதை வெளியே எடுக்க வேண்டும் என்பதுதான் பொது வழி. சீழ் தேங்கிய இடத்துக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து போதிய அளவு உள்ளே போய்ச் சேராது. ரொம்பச் சின்னதாக இருந்தால் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. அதை முடிவு செய்வது டாக்டர்.

காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே செட் மாத்திரை, அதைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் கலந்திருப்பதுண்டு. வீக்கம் தற்காலிகமாக வாடும், காய்ச்சல் இறங்கும், ஆள் தெம்பாக எழுந்து வேலைக்குப் போய்விடுவார். சீழ் அங்கேயே இருக்கும். ஸ்டீராய்டை ஆஸ்பத்திரியிலும் கொடுப்பார்கள்தான், ஆனால் சீழை எடுத்து, ஆன்டிபயாட்டிக் ஓடும்போது கொடுப்பார்கள்.

டார்ச் அடித்து நானே வாயைப் பார்க்கலாமா?

பெரியவர்களுக்குப் பார்க்கலாம், வாய் திறக்கிற அளவுக்கு. நடுவில் தொங்குகிற சின்னச் சதைதான் உள்நாக்கு. டான்சில் அதற்கு இரண்டு பக்கமும் இருப்பது. நம் பக்கத்தில் டான்சிலையும் உள்நாக்கு என்றே சொல்லிவிடுகிறோம், அதனால் குழப்பம் வருகிறது. கட்டி இருந்தால் ஒரு பக்கத்து அண்ணம் சிவந்து, முன்னால் புடைத்து நிற்கும். உள்நாக்கு நடுவில் இல்லாமல் நல்ல பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கும்.

டான்சிலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது கட்டி என்று அர்த்தமில்லை, டான்சில் அழற்சியிலும் அப்படித் தெரியும். சாம்பல் நிறத்தில் தோல்போல் ஒட்டிக்கொண்டிருந்தால் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். அதைச் சுரண்டிப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எச்சில் ஒழுகுகிற குழந்தைக்கு மட்டும் கரண்டி, விரல் எதையும் வாயில் விட்டுப் பார்க்காதீர்கள். தொண்டை ஏற்கெனவே வீங்கிக் குறுகியிருக்கும்போது குழந்தை பயந்து அழுதாலே மூச்சு அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

காது வலி என்று சொட்டு மருந்து போட்டேன், கேட்கவில்லை. காதில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

டான்சில் பகுதிக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. தொண்டையில் இருக்கும் வலி காதில் தெரியும். விழுங்கும்போதெல்லாம் காதில் குத்தினால் தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைக்குழந்தை, சின்னக் குழந்தை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லத் தெரியாதே.

குழந்தைகளுக்குக் கட்டி வருகிற இடமே வேறாக இருக்கலாம். தொண்டையின் பின்சுவருக்கும் கழுத்து முதுகெலும்புக்கும் நடுவில் சின்ன வயதில் நிணநீர்க் கணுக்கள் இருக்கும். சளி, டான்சில் தொற்று அங்கே போய்ச் சீழ் பிடிக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் இது அதிகம், வளர வளர அந்தக் கணுக்கள் சுருங்கிவிடும்.

பால் குடிக்க வாயை வைக்கும், உடனே எடுத்துவிட்டு அழும். எச்சில் வழக்கத்தைவிட அதிகமாக ஒழுகும். கழுத்தைத் திருப்பாது. மேலே ஒரு பொம்மையையோ விளக்கையோ காட்டிப் பாருங்கள்: தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கும். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பும். "சுளுக்கிக்கிச்சு போல" என்று எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலோடு கழுத்து இறுகினால் அது சுளுக்கு இல்லை, நீவக் கூடாது. மூளைக்காய்ச்சலிலும் கழுத்து இறுகும், எப்படியானாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சில மணி நேரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்து, எச்சில் ஒழுகி, குழந்தை முன்னால் குனிந்து கையை ஊன்றி உட்கார்ந்துகொண்டு மூச்சு விடச் சிரமப்பட்டால் அது குரல்வளை மூடி வீக்கமாக இருக்கலாம். அது நாள் கணக்கில் காத்திருக்காது. அதை உண்டாக்கும் முக்கியக் கிருமிக்கும், தொண்டை அடைப்பானுக்கும் எதிரான மருந்து ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே இருக்கிறது. நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் அதை அரசுத் திட்டத்தில் போட ஆரம்பித்தார்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளைத் தவறவிடாதீர்கள்.

பல்லில் இருந்து தொண்டைக்குச் சீழ் இறங்குமா?

இறங்கும். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி, வேரில் சீழ் பிடித்து, நாக்குக்கு அடியில் பரவலாம். தாடைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கம் பலகைபோல் கெட்டியாக வீங்கும். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இது டான்சில் கட்டியைவிட வேகமாக மூச்சை அடைக்கக் கூடியது. பல் வலி இருந்தவருக்குக் கன்னத்து வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், அவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும்.

மீன் முள், கருவாட்டு முள் குத்திய இடத்திலும் சில நாள் கழித்துச் சீழ் வரலாம். சோற்றை உருட்டி விழுங்கி முள்ளைத் தள்ளினோம் என்று விட்டுவிட்ட பிறகு வலி அதிகமானால் முள் கதையை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பனியும் குளிரும்தானே காரணம்? பச்சைத் தண்ணீர் குடித்ததால் வந்ததா?

கிருமிதான் காரணம். குளிர்காலத்தில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் எல்லாரும் படுக்கிறோம், ஒருவர் இருமினால் எல்லாருக்கும் போகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு டான்சில் கட்டி வரும் வாய்ப்பு அதிகம். பச்சைத் தண்ணீர் குடித்ததற்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு, மிளகுக் கஷாயம், தொக்கம் எடுப்பது?

உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கலாம், சாதாரணத் தொண்டை வலிக்கு நல்லது. கற்பூரவல்லி, மிளகு, தேன் எல்லாம் இதமாக இருக்கும், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் மட்டும் வேண்டாம். கட்டி வந்துவிட்டால் இவை எதுவும் சீழை எடுக்காது. வாய் திறக்காதவர் கொப்பளிக்கவும் முடியாது.

தைலத்தை உள்ளுக்குக் குடிக்காதீர்கள். வீட்டுக்கு வீடு பாட்டில் இருப்பதால் பயமில்லாமல் சர்க்கரையில் சொட்டுவிட்டுக் கொடுக்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பு வரலாம்.

தொண்டைக்குள் விரலை விட்டுத் தொக்கம் எடுப்பது, உள்நாக்கில் உப்பும் மிளகும் வைத்துத் தூக்கிவிடுவது இரண்டும் இந்த நேரத்தில் ஆபத்து. கட்டி அழுந்தி உடைந்தால் சீழ் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

திடீரென்று வலி போய்விட்டது, வாயில் கெட்ட கசப்பாக ஏதோ வந்தது. சரியாகிவிட்டதா?

கட்டி தானாக உடைந்திருக்கலாம். இருக்கிற சீழைத் துப்பச் சொல்லுங்கள், விழுங்க வேண்டாம். நிம்மதியாக இருந்தாலும் போய்க் காட்டத்தான் வேண்டும். உள்ளே மிச்சம் இருக்கும், மறுபடி கோக்கும், கவனிக்காமல் விட்டால் கழுத்து வழியாக நெஞ்சுக்குள் இறங்கவும் கூடும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? கழுத்தை அறுப்பார்களா?

டான்சில் பக்கக் கட்டிக்கு வெளியே கழுத்தில் கத்தி படாது. வாய்க்குள் மரத்துப்போகும் மருந்து அடித்து, ஊசியால் சீழை உறிஞ்சுவார்கள், அல்லது சின்னதாகக் கீறி வடியவிடுவார்கள். சில நிமிட வேலை. சீழ் வெளியே வந்ததுமே வாய் திறப்பது தெரியும் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். சாப்பிடாமல் கிடந்த உடம்புக்கு டிரிப்ஸ் ஏற்றுவார்கள், ஊசியில் ஆன்டிபயாட்டிக் போடுவார்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு பத்து நாளோ பதினாலு நாளோ மாத்திரை எழுதியிருந்தால் ஒரு வேளைகூட விடாமல் முடிக்க வேண்டும். மூன்றாம் நாள் வலி போனதும் மீதியை டப்பாவில் போட்டு வைக்கிறார்கள், அடுத்த முறை பிள்ளைக்குக் கொடுக்க. வேண்டாம்.

குழந்தைகளுக்கும், கட்டி ஆழத்தில் இருப்பவர்களுக்கும் ஸ்கேன் எடுப்பார்கள், மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள். சிலருக்கு வெளியிலிருந்து செய்ய வேண்டியும் வரும்.

எங்கே போவது? ராத்திரியில் இப்படி ஆனால்?

காது மூக்கு தொண்டை டாக்டர் எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் ராத்திரியில் இருப்பதில்லை. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காட்டினால் அவர்கள் பார்த்து, தேவைப்பட்டால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்புவார்கள். எஸ்டேட் லைனில் இருப்பவர்கள் டிஸ்பென்சரியில் சொல்லிவிட்டு உடனே கிளம்பலாம்.

நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: வெளிச்சம் இருக்கும்போதே முடிவெடுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர், அதற்கப்புறம்தான் கோயம்புத்தூர். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரியும். மற்ற நாளில் மூடுபனி. கூடலூரில் இருப்பவர்களுக்கு ஊட்டி ஐம்பது கிலோமீட்டர் மலை ஏற்றம். சமவெளியில் இருப்பவர் "காலையில் பார்த்துக்கலாம்" என்று சொல்வதும் நாம் சொல்வதும் ஒன்றாகாது. சாயங்காலம் நாலு மணிக்கு எச்சில் இறங்கவில்லை என்றால் நாலு மணிக்கே கிளம்புங்கள்.

மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, ஆள் தூங்கி விழுந்தாலோ மணி பார்க்காமல் 108 கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உட்கார்ந்த நிலையிலேயே வைத்திருங்கள், மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ ஊற்ற வேண்டாம்.

மறுபடி வருமா? டான்சிலையே எடுத்துவிட வேண்டுமா?

நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்குத் திரும்ப வருகிறது. ஒரே முறை வந்தவருக்கு டான்சிலை எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டாம் முறை வந்தாலோ, வருஷத்துக்குப் பல தடவை டான்சில் பழுத்தாலோ, புண் ஆறிய சில வாரம் கழித்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்? அவரால் பேச முடியவில்லையே.

கிளம்பும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்றைக்கு வலி ஆரம்பித்தது, எந்தப் பக்கம், எச்சில் எப்போதிலிருந்து இறங்கவில்லை, கடைசியாக எப்போது சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், சர்க்கரை இருக்கிறதா, பென்சிலின் ஊசி எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிட்டார். மாத்திரை அட்டை இருந்தால் அதையே எடுத்துப் போங்கள், பிரித்துக் கொடுத்த மாத்திரை என்றால் மிச்சம் இருப்பதைக் காகிதத்தோடு எடுத்துப் போங்கள். கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியது என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தக் கேரட் பையனின் தாளில் நான் கொடுத்த மாத்திரையின் பெயரை என் கையாலேயே எழுதி அனுப்பினேன்.